தெற்கு மேட்டு விளக்கு

எருமப்பட்டி
20-10-1985

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னுசாமி எழுதுவது. பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருப்பதைத் தவிர இங்கே குறையில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா இன்னும் கெங்கவல்லிச் சந்தைக்குச் சைக்கிளில்தான் போகிறாரா?

ஒரு சங்கதி. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஹாலி வால் நட்சத்திரம் சித்திரை வரைக்கும் தெரியுமாம், பேப்பரில் போட்டிருக்கிறான். அடுத்த தடவை வரும்போது நீயும் நானும் இருக்க மாட்டோம். அதை நான் போட்டோ பிடிக்கப் போகிறேன். சிரிக்காதே.

எரிந்துபோன தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்ற என் பட்டறைக்கு வந்து பழகிய சேலத்து வாத்தியார் ஒருவர், மாற்றலாகிப் போகும்போது தன் டெலஸ்கோப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அது கண்ணால் பார்க்க மட்டும்தான். கண் வைக்கும் இடத்தில், லென்ஸைக் கழற்றிய ஒரு பெட்டி காமிராவைப் பொருத்தியிருக்கிறேன். பிம்பம் பிலிம்மேல் விழவில்லை. குழாயை நாலு விரற்கடை அறுத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிய பிறகுதான் விழுந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடத்திலிருந்து பழைய வீல் ஹப் ஒன்று வாங்கி வந்து, மொட்டை மாடியில் காங்கிரீட் போட்டு இறுக்கிவிட்டேன். டெலஸ்கோப் அதன்மேல்தான் சுற்றும். வசந்தாமணி, "வடகம் காயப்போட இருந்த ஒரே எடத்துலயும் லாரிய நிறுத்திட்டீங்க"ன்னு திட்டுகிறாள்.

போன வாரம் தெற்கு வீட்டார் ஆத்தூர் பஸ் ஏறியதைப் பார்த்தேன். கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறான், அவ்வளவு பெரிய மிராசுதார் ஆகிவிட்டார். உன் வீட்டுக்கா வந்தார்?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
சின்னுசாமி


கெங்கவல்லி
11-11-1985

தம்பி சின்னுசாமிக்கு,

பாவாயி எழுதிக்கொண்டது. சளிக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடு, ஊசி போட ஓடாதே. என் முழங்கால் எனக்கு முன்னால் கிழவியாகிவிட்டது. வேறொன்றும் இல்லை.

காங்கிரீட் போட்டாயா! சின்ன வயசிலிருந்தே உனக்கு எதையும் அசையாமல் இறுக்கி வைத்தால்தான் தூக்கம் வரும்.

'தெற்கு வீட்டார்' என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு ராசப்பன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். உனக்கும் எனக்கும் அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் உன் முறைத் தண்ணீரை அவர் இறைத்துக்கொண்டார், உன் கடலை காய்ந்தது, நீ ஊர்க்கூட்டத்தில் எழுந்து "நீ எனக்கு அண்ணனே இல்ல" என்றாய். அண்ணி செத்தபோது சுடுகாட்டில் வந்து நின்றாய், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மகனும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் போர்வெல் துளை போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த மனுசன் தனியாகப் பொங்கித் தின்கிறார். ஒரே கிணற்றின் தெற்கு மேட்டில் அவர் மோட்டார், வடக்கு மேட்டில் உன் மோட்டார். நடுவில் தபால் ஆபீஸ் மாதிரி நான். இரண்டு பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவனைப் பற்றி இவனுக்கும் இவனைப் பற்றி அவனுக்கும் எழுதி எழுதி அலுத்துவிட்டது எனக்கு.

ஆமாம், வந்தார். ஆத்தூரில் மரவள்ளிக்கிழங்கு விலை விசாரிக்க வந்தாராம். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பாவாயி


எருமப்பட்டி
8-12-1985

அக்காவுக்கு,

சளி போய்விட்டது, துளசி வாழ்க. மாமாவுக்கு இருமல் என்று பஸ்ஸில் வந்தவர் சொன்னார், பார்த்துக்கொள்.

வால் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டேன். பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. கரும்பலகையைச் சரியாகத் துடைக்காமல் விட்ட இடம் மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். பிள்ளைகள் பார்த்துவிட்டு, "இதுக்காப்பா எங்கள எழுப்புனீங்க" என்று போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஆனால் கால் மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வாலும் பிலிமில் சேர்ந்துவிடும். அதுவரை வானம் நகர நகர, ஸ்க்ரூவைக் கையால் திருகி டெலஸ்கோப்பையும் கூடவே நகர்த்த வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்து, அதில் இருக்கிறதிலேயே மெல்லிய காயில் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறேன். அந்தக் கூட்டல் குறியிலிருந்து நட்சத்திரம் விலகக்கூடாது. முதல் பிலிமில் எல்லாம் புழு மாதிரி நெளிந்திருக்கிறது. பழகிவிடும்.

சிக்கல் வேறு. மாசியில் இது சூரியனுக்குப் பின்னால் போய்விட்டு, பங்குனியில் தெற்கே வருமாம். அப்போதுதான் வால் நீளமாக இருக்கும். என் மாடியிலிருந்து தெற்கே என்ன இருக்கிறது? கிணற்றின் தெற்கு மேட்டில், அவர் மோட்டார் ரூம் கம்பத்தில், ராவெல்லாம் எரிகிற குண்டு பல்பு. அது எரிந்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். படுதா கட்டிப் பார்த்தேன், படுதா மறைத்தால் வானமும் மறைகிறது. ஒரு வாரம் அதை அணைக்கச் சொல்லி அவருக்கு நீ எழுத வேண்டும்.

மறந்துவிட்டேன். அவர் காட்டில் இந்த வருஷம் மரவள்ளியே போடவில்லையே. எந்தக் கிழங்குக்கு விலை விசாரித்தார்?

சின்னுசாமி


கெங்கவல்லி
18-1-1986

தம்பிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. பொங்கல் வேலை, மாமாவுக்கு இருமல், எனக்கு அசதி. வசந்தாமணிக்கு எடுத்த சேலை ஆத்தூர்க் கடையில் எடுத்தது, சாயம் போனால் சொல்லு.

சின்னு, வேறு எது வேண்டுமானாலும் கேள். அந்த விளக்கை மட்டும் கேட்காதே. ஏன் என்றும் கேட்காதே. இங்கே எங்கள் காட்டுக்கு வா. மலையடிவாரம், சுற்றிலும் ஒரு விளக்குக் கிடையாது. உன் குழாயை இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பிடித்துக்கொள். நான் காப்பி போட்டுத் தருகிறேன்.

வரும்போது நம் பக்கத்துப் பச்சைக் கடலை கொஞ்சம் கொண்டுவா. கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷமாகியும் நான் "ஏனுங்க" என்று வாயைத் திறந்தால் இங்கே சிரிக்கிறார்கள். அந்தக் கடலையைத் தின்றாலாவது நம் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கும்.

பாவாயி


எருமப்பட்டி
2-2-1986

அக்காவுக்கு,

சேலையின் சாயம் போகவில்லை. உன் பேச்சுத்தான் கொஞ்சம் சாயம் போயிருக்கிறது.

கெங்கவல்லிக்கு எப்படிக் கொண்டுவருவது? காங்கிரீட்டைப் பெயர்த்தா? சரி, நான் செய்தது முட்டாள்தனம்தான், சிரித்துக்கொள். ஆனால் நீ ஏன் அவர் பக்கம் பேசுகிறாய்? மரவள்ளியைப் பற்றியும் வாயே திறக்கவில்லை.

நான் டெலஸ்கோப் வைத்தது தெரிந்துதான், போன வாரம் பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாகப் போட்டிருக்கிறார். வேண்டுமென்றே. வேறென்ன காரணம் இருக்க முடியும்? நேற்று வண்டித் தடத்தில் நேருக்கு நேர் வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். எனக்கே மனசு கேட்காமல், "நல்லா இருக்கறீங்களா"ன்னு கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மனுசன் என் முகத்தைப் பார்த்தபடியே, கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு கடந்து போய்விட்டார். ஒன்பது வருஷத்தில் அப்படி அவர் செய்ததில்லை. முகத்தையாவது திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ஒரு படத்தைத்தான் அக்கா நான் கேட்கிறேன். நாள் முழுக்க ஊரான் எரித்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறேன். எனக்கென்று ஆசைப்பட்டு என் வாழ்நாளில் செய்தது இது ஒன்றுதான்.

மாமாவுக்கு ஆடாதொடை கஷாயம் கொடு.

சின்னுசாமி


கெங்கவல்லி
3-3-1986

தம்பிக்கு,

மாமாவுக்கு இருமல் நின்றிருக்கிறது. நீ சோறு தின்னாமல் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் போன வாரம் மறுபடி வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று கேட்டு எழுதாதே, நான் பொய் எழுதி மாட்டிக்கொள்வேன். விளக்கைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டேன். நீ சோறு இறங்காமல் கிடந்ததையும் சொன்னேன். தடத்தில் நீ நின்றதை அவர் பார்க்கவே இல்லையாம். "சின்னவன் நின்னானா? அங்கயா?" என்று இரண்டு தரம் கேட்டார். கடைசியில், "அம்மிணி, எத்தன நாளைக்கு வேணுமாம் அவனுக்கு?" என்றார்.

எந்தத் தேதி என்று எழுது. சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குள் ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றார். அவர் என்ன செய்தாலும் நீ குறுக்கே போகாதே.

எனக்கு ரொம்ப ஆயாசமாக இருக்கிறது சின்னு. ஒருத்தருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொருத்தருக்கு எழுதுவது என் வயசுக்கு ஆகிற வேலை இல்லை.

பாவாயி


எருமப்பட்டி
12-3-1986

அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என்னால் உனக்கு அலைச்சல், தெரிகிறது.

பங்குனி அமாவாசையை ஒட்டி, ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமையிலிருந்து அடுத்த வியாழன் வரை, விடிவதற்கு முன்னால் விளக்கு அணைந்திருந்தால் போதும்.

ஆனால் உன் அண்ணன் செய்திருக்கிற காரியத்தைக் கேள். அவர் வீட்டு வாசலிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும், பொது வண்டித் தடத்தின் ஓரமாகவே, வரிசையாக முளை அடித்து இடுப்பு உயரத்துக்குத் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கிறார்! எல்லை போடுகிறார் அக்கா. விளக்கை அணைக்கிறேன் என்று உன்னிடம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, அந்தச் சாக்கில் தடத்தைத் தன் பங்கோடு சேர்க்கிறார். இன்றைக்குக் கயிறு, நாளைக்குக் கம்பி வேலி. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அவிழ்க்காவிட்டால் இருட்டினதும் போய்க் கயிற்றை அறுத்து, முளையெல்லாம் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவேன். படம் போனால் போகட்டும்.

சின்னுசாமி


தந்தி
ஆத்தூர், 15-3-1986

கயிற்றைத் தொடாதே. தொட்டால் உனக்கு அக்கா இல்லை. பாவாயி.


எருமப்பட்டி
24-3-1986

அக்காவுக்கு,

தந்தி என்றதும் வசந்தாமணி யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அலறியதில் தெருவே கூடிவிட்டது. பிரித்துப் படித்தால் கயிறு! கயிற்றுக்குத் தந்தி கொடுத்த முதல் பொம்பளை நீதான்.

தொடவில்லை. கோபம் ஆறவில்லை, ஆனாலும் தொடவில்லை. உனக்காகத்தான்.

முழங்காலோடு ஆத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்த் தந்தி கொடுத்தாயா? அப்படி என்ன இருக்கிறது அந்தக் கயிற்றில்?

சின்னுசாமி


எருமப்பட்டி
21-4-1986

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஐந்தாம் தேதி சொன்ன சொல் மாறாமல் விளக்கு அணைந்தது. அத்தனை இருட்டை நான் நம் காட்டில் பார்த்ததே இல்லை. கிணறு எங்கே, மேடு எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. முதல் மூன்று நாள் மேகமும் என் கைநடுக்கமும் கெடுத்தன. நாலாம் நாள் கூட்டல் குறியில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. ஸ்க்ரூ மட்டும் எண்ணெய் போதாமல் கிறீச் கிறீச்சென்று கத்தியது.

நாமக்கல் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். நின்றது நல்லதாகப் போயிற்று. டச்சிங் செய்கிறவர் நெகட்டிவைப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு தீத்தல் இருக்குதுங்க, சொரண்டி எடுத்துரட்டுங்களா?" என்று பிளேடைக் கையில் எடுத்துவிட்டார். மாப்பிள்ளை முகத்துப் பருவை எடுத்து எடுத்துப் பழகின கை. அதுதான் வால் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரிய சைஸில் பிரிண்ட் போட்டோம். கறுப்பு வானத்தில் புகை மாதிரி வால், ஒரு பக்கமாகச் சாய்ந்து. நான் பிடித்ததுதானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு பிரிண்ட். ஒன்றை அவருக்குக் கொடுப்பதுதான் முறை என்று வசந்தாமணி சொன்னாள். நேற்றுப் போனேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "யாரு?" என்றார். நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, இருமினேன். இருமலிலேயே தெரிந்துகொண்டார். "வா சாமி, உக்காரு" என்றார். அவ்வளவுதான், ஒன்பது வருஷம் தீர்ந்தது.

"படம் உளுந்துருச்சுங்கண்ணா. நீங்க வெளக்க அணச்சதாலதானுங்க" என்று கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஓரத்தை விரலால் தடவினார். முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

அக்கா, படத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார். படம் என் பக்கம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பின்னாலிருக்கிற வெறும் வெள்ளைத் தாளை.

"அடேங்கப்பா, எத்தன வெளிச்சம்டா சாமி!" என்றார்.

"ஆமாங்கண்ணா, நல்ல வெளிச்சமுங்க" என்றேன். படத்தை நான் நேராகத் திருப்பி வைக்கவில்லை. சொல்லிக்கொண்டு எழுந்து, அந்தக் கயிற்றின் ஓரமாகவே நடந்து வந்தேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதேன். தடுப்புச் சுவர்கூட இல்லாத கிணறு அக்கா அது. கயிற்றை அறுக்க நான் அரிவாளைத் தீட்டி வைத்திருந்தேன்.

எத்தனை நாளாக இப்படி? எனக்கு ஏன் சொல்லவில்லை?

சின்னுசாமி


கெங்கவல்லி
29-4-1986

சின்னு,

சாப்பிட்டாயா? முதலில் சாப்பிடு, அப்புறம் இதைப் படி.

சர்க்கரை வியாதி. ஐப்பசியில் வந்தது கண் டாக்டரைப் பார்க்க. நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். மாசியில் வந்தபோது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. ராத்திரி மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது எழுந்து போவாரே, அந்த விளக்கைப் பார்த்துத்தான் கிணறு எங்கே என்று தெரிந்துகொள்வார். கண் மங்க மங்கப் பெரிய பல்பாகப் போட்டார். உனக்கும் அவர் மகனுக்கும் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகன் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான் என்று ஒரு பயம். "சின்னவன் பாவம்னு பாப்பான், அது எனக்கு வேண்டாம் அம்மிணி. கோவமா இருக்கட்டும், அது பரவால்ல" என்றார்.

நீ விளக்கைக் கேட்டதும் கயிறு கட்டினார். உனக்காகக் கட்டின கயிறுதான் அது. நீ படம் பிடித்த நாட்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேடு வரைக்கும் வந்து நின்றாராம். மாடியில் நீ திருகுகிற சத்தம் கிறீச் கிறீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். "எண்ண போடாம திருகறான் அம்மிணி" என்று நேற்று வந்த ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உனக்குச் சொல்லாததற்கு என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள். நான் தூங்கி மாசக்கணக்கு ஆகிறது. இனிமேலாவது நீங்கள் இரண்டு பேரும் நேரில் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு வெறும் சுகத்துக்கு மட்டும் கடிதம் போடுங்கள்.

பாவாயி


எருமப்பட்டி
11-5-1986

அன்புள்ள அக்காவுக்கு,

வெறும் சுகத்துக்குத்தான் எழுதுகிறேன். நான், வசந்தாமணி, பிள்ளைகள், அண்ணன் எல்லாரும் சுகம். திட்ட மாட்டேன். தூங்கு.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ராத்திரி முறைத் தண்ணீருக்கு, "என் மோட்டாரப் போட வாரேனுங்க, அப்படியே உங்களதையும் போட்டுட்டுப் போறேன்" என்றேன். இப்போது நான் மோட்டாரைப் போட, அவர் கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டு தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே, "வாய்க்கா ஒடைஞ்சிருக்குதுடா, என்ன வேல செய்யற நீ" என்று அதட்டுகிறார். பழைய அண்ணன்தான், ஒன்றும் மாறவில்லை. சோறு எங்கள் வீட்டிலிருந்து போகிறது. உப்பு போதவில்லை என்று குறை சொல்லித்தான் தின்கிறார்.

போன வாரம், "வால் நட்சத்திரம் போயிருச்சுங்கண்ணா, இனி வெளக்கப் போட்டுக்கலாமுங்க. பழைய பல்பு மங்கிப் போச்சு, நான் புதுசு கொண்டாந்திருக்கறேன்" என்று சொல்லி, கம்பத்தில் ஏறி இருநூறு வாட்டாகப் போட்டேன். கிணற்றைச் சுற்றிச் சுவர் எடுக்கவும் கல் இறக்கியிருக்கிறேன். ஆடு விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

விளக்கைப் போட்டதும் வாசலில் வந்து நின்று அந்தப் பக்கமாகத் திரும்பினார். "இப்பத் தெரியுதுடா" என்றார்.

படத்தைத் தன் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டச் சொன்னார். படம் வெளியே தெரிய, நேராகத்தான் மாட்டினேன்.

ராத்திரி மாடிக்குப் போய் டெலஸ்கோப்புக்கு எண்ணெய் விட்டேன். தெற்கே பார்த்தேன். அந்த விளக்கைத் தவிர வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருக்கட்டும் அக்கா.

உன் தம்பி
சின்னுசாமி